பதினைந்து வாளிப் புல்

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பால் சங்கக் கூட்டத்தில், நாற்பது பேருக்கு நடுவில் எழுந்து நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து, "உங்களுக்குப் புல் வளர்க்கத் தெரியாது" என்று சொன்னேன். அவருக்குத் தெரியும். தெரியாதவன் நான். அதைச் சொல்லும்போதே அது பொய் என்றும் எனக்குத் தெரியும். நான் புல்லைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவன்; அரசாங்கம் என்னை வேலைக்கு வைத்திருந்ததே புல் வளர்க்கத்தான். ஆகவே நான் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். அவரும் நம்பினார். இதில் மோசமான பகுதி அதுதான்.

இந்தச் சங்கதியில் சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது. சிரிக்கலாம். ஆனால் மேலே உள்ளதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவது என்று வைத்திருந்தேன். எழுதிவிட்டேன்.

மட்டக்களப்பு வாவியின் படுவான்கரைப் பக்கம், மாட்டுத் தீனிப் புல்லுக்கென்று ஒரு சிறிய அரசாங்கப் பண்ணை இருந்தது. சண்டை முடிந்த பிறகு அதைத் திரும்பத் திறந்து என்னை அங்கே பொறுப்பாகப் போட்டார்கள். ஒரு கந்தோர் அறை, அதன் ஜன்னலுக்கு நேரே ஒரு கிணறு, கிணற்றுக்கு அப்பால் சரிவாக வாவியை நோக்கி இறங்கும் நிலம். ஆட்கள் என்று பார்த்தால் நானும் காவலுக்கு ஒரு வாச்சரும்.

எங்கள் பகுதியில் மாடு வைத்திருப்பவர்களின் கஷ்டம் ஒரே ஒரு கஷ்டம். மாரியில் புல் ஆள் உயரத்துக்கு நிற்கும். மாட்டைத் தேடத்தான் ஆள் வேண்டும். சித்திரை பிறந்தால் மழை நிற்கும். ஆனியில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் எல்லாம் வைக்கோல் நிறம். அதிலிருந்து புரட்டாதி வரைக்கும் பால் குறையும், மாட்டின் விலா எலும்பை எண்ணலாம். தண்ணீர் குறைவது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. சில புல்வகைகள், மண்ணில் ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே வளர்ச்சியை நிறுத்திவிட்டு நித்திரைக்குப் போய்விடும். வேறு சில கடைசிச் சொட்டு வரைக்கும் முழித்திருக்கும். எந்தப் பருவத்தில் வளர்வது, எந்தப் பருவத்தில் ஓய்வது என்பது புல்லுக்குத் தாய் தகப்பன் வழியாக வரும் குணம். அப்படியானால் கோடையில் முழித்திருக்கும் ஒரு தூரை, ஒரே அடியிலிருந்து கிளைத்த ஒரு புல் புதரை, கண்டுபிடித்து, அதிலிருந்து இனம் பெருக்கலாம். இதுதான் என் யோசனை. யோசனையில் இன்றைக்கும் பிழை இல்லை.

பல இடங்களிலிருந்து யானைப் புல்லின் தண்டுகளை எடுப்பித்து, பத்து வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு தூராக நட்டேன். மாரி முழுக்க எல்லாம் ஒரே மாதிரி வளர்ந்தன. சித்திரையில் வாச்சரைக் கூப்பிட்டுக் கட்டளை போட்டேன்.

"இனி இந்தக் காணித் துண்டுக்கு ஒரு வாளி தண்ணியும் ஊத்தப்படாது. விளங்கிச்சா?"

"ஒரு சொட்டும் ஊத்தமாட்டன் ஐயா."

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இதை நான் அவருக்காக எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

வாச்சர் வடமோடிக் கூத்தில் ராசா வேடம் கட்டுகிறவர். கட்டையான மனிதர், குரல் மட்டும் பெரியது. காலையும் பின்னேரமும் கிணற்றடியில் குளிப்பார். குளிக்கும்போது ராசா கொலுவுக்கு வருகிற பாட்டைப் பாடுவார். ஜன்னலுக்கு வெளியே ஒரு ராசா நாளைக்கு இரண்டு தரம் கொலுவுக்கு வந்தால் ஒரு உத்தியோகத்தன் எப்படி அறிக்கை எழுதுவது? ஒருநாள் பொறுமை போய், "இந்தக் கிணத்தடியில குளிக்கவேணாம், எங்கயாவது கண்மறைவாப் போய்க் குளியும்" என்று சத்தம் போட்டேன். "சரி ஐயா" என்றார். அடுத்த நாளிலிருந்து பாட்டுக் கேட்கவில்லை. இரண்டு நாளில் நான் அதை மறந்துவிட்டேன்.

ஆடி மாதம். கச்சான் அடித்து நூற்றுப் பத்தொன்பது தூர்களும் கருகிக் கிடந்தன. ஏழாம் வரிசையில் ஒன்பதாவது தூர் மட்டும் என் தலைக்கு மேலே பச்சைப் பசேல் என்று நின்றது. அன்று நான் அதைச் சுற்றி நடந்ததை யாராவது பார்த்திருந்தால் கோயில் வீதி சுற்றுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். பின்னேரம் வீட்டுக்குப் போய் மனைவியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து காட்டினேன்.

"பச்சையா இரிக்கி. சரி. வீட்டில மல்லிகை காயுது, அதுக்கு எப்ப ஆராய்ச்சி?" என்றார்.

"இது லேசுப்பட்ட விசயம் இல்ல. கிட்டப் போய்ப் பாரும்."

கிட்டப் போனார். மூக்கைச் சுருக்கினார். "இதென்ன, சவுக்காரம் மணக்குது?"

நான் குனிந்து இலையை மணந்து பார்த்தேன். உண்மைதான், ஒரு வாசம் இருந்தது. சில புல்லினங்களுக்கு இயற்கையாகவே நறுமணம் உண்டு என்று மனைவிக்கு விளக்கினேன். அன்றைக்கே குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: "இலையில் இனிய மணம், மாடுகள் விரும்பக்கூடும்." அந்தப் புத்தகம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. என்னைப் பற்றி எனக்குப் பெருமை வருகிற நாட்களில் எடுத்து அந்தப் பக்கத்தை வாசிப்பேன்.

அந்த மாரியில் ஒன்பதாவது தூர் பூத்தபோது, பூங்கதிர்களைக் கடதாசி உறையால் மூடிக் கட்டினேன். வேறு புல்லின் மகரந்தம் சேராமல் தன் மகரந்தமே தனக்குச் சேரவேண்டும். கிடைத்த விதையை நாற்றாக்கி, அடுத்த மாரியில் தாய்த் தூருக்குக் கீழ்ச் சரிவில் எண்பது நாற்று நட்டேன், நாலு வரிசையாக. அதற்கடுத்த கோடைக்குக் காத்திருந்தேன்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு செடியிடம் இரண்டு பிரதி இருக்கும், தாய் வழியாக ஒன்று, தகப்பன் வழியாக ஒன்று. முழித்திருக்கும் குணம் ஒரே ஒரு மரபணுவால் வருவதாகவும், இரண்டு பிரதியில் ஒன்று முழிப்பாக இருந்தாலே போதும் என்றும், தாய்த் தூரிடம் முழிப்பு ஒன்றும் நித்திரை ஒன்றும் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், பிள்ளைகளில் நாலில் மூன்று பங்கு பச்சையாக நிற்கும், ஒரு பங்கு காயும். ஆனி முடிவில் போய் எண்ணினேன். அறுபது பச்சை. இருபது காய்ந்தது.

திரும்ப எண்ணினேன். அரைவாசி காய்ந்த இரண்டு மூன்றைப் பச்சையோடு சேர்த்துத்தான் அறுபது வந்தது என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன். ஒரே மரபணு! பள்ளிக்கூடப் புத்தகத்தில் உள்ள கணக்கு, படுவான்கரையில், என் கண் முன்னால்!

காய்ந்த இருபதும் நாலாவது வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பச்சையானவை மற்ற மூன்று வரிசையிலும் நின்றன. மரபணு அப்படி வரிசை பிரித்து நிற்காது. தண்ணீர்தான் அப்படி நிற்கும். முதலாம் வருட மாணவனுக்கும் விளங்குகிற விசயம். எனக்கு விளங்கவில்லை. விளங்க நான் விரும்பவில்லை என்பதுதான் சரி. தலைமைக் கந்தோருக்கு ஏழு பக்கம் எழுதினேன். பாராட்டிப் பதில் வந்தது. ஆவணியில் ஒரு வயல் விழா வைக்கச் சொன்னார்கள்; கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

விழாவுக்கு முதல் நாள் காலை, வழமையைவிட வெள்ளன வந்துவிட்டேன். துண்டுக்குள் இறங்கும்போது, பச்சைப் புல்லுக்குள்ளிருந்து ஒரு ராசா கொலுவுக்கு வருவது கேட்டது.

புல்லை விலக்கிப் பார்த்தேன். தாய்த் தூருக்குப் பின்னால், நான் பல தரம் கண்டும் கணக்கெடுக்காத ஒரு கருங்கல். கல்லின் மேல் வாச்சர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தலை முழுக்கச் சவுக்கார நுரையோடு.

"என்ன இது?"

"குளிக்கிறன் ஐயா."

"இஞ்சையா?"

"நீங்கதானே கண்மறைவாக் குளிக்கச் சொன்னீங்க. இந்தத் துண்டிலயே இதுதான் நல்ல உசரம். ஒருத்தருக்கும் தெரியா." கண்ணைத் திறக்க முடியாமல் சிரித்தார். "நான் குளிக்கக் குளிக்க அதுவும் வளருது."

"உம்மை ஒரு சொட்டுத் தண்ணியும் ஊத்தவேணாம் எண்டெல்லோ சொன்னன்!"

"புல்லுக்கு ஊத்தல்ல ஐயா. எனக்குத்தான் ஊத்தினன்."

"எவ்வளவு காலமா?"

"இது மூணாவது கோடை. ஒருநாளும் தவறல்ல. கிணத்தில இரிந்து காவிக்கொண்டு வாறன்." அதில் ஒரு பெருமை இருந்தது.

"ஒரு குளிப்புக்கு எத்தனை வாளி?"

"பதினைஞ்சு."

பழக்கதோஷத்தால் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். பிறகு கீழே பார்த்தேன். காலில் சேறு படக்கூடாது என்று கல்லிலிருந்து மண்வெட்டியால் ஒரு சிறு வாய்க்கால் வெட்டியிருந்தார். அது சரிவில் இறங்கி முதலாம், இரண்டாம், மூன்றாம் வரிசைகளின் காலடியால் அழகாக ஓடியது. நாலாவது வரிசை கொஞ்சம் மேடு. என் மரபணு அந்த மேட்டில் ஏறவில்லை.

அந்த இடத்தில் நான் செய்யவேண்டியது என்ன என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பந்தல் போட்டாயிற்று. பதாகை அடித்தாயிற்று. காத்தான்குடியில் எண்பது பேருக்குப் புரியாணி சொல்லியாயிற்று. ஒரு மனிதன் உண்மையை விட்டுக்கொடுத்ததற்கு புரியாணியைக் காரணம் காட்டுவது வெட்கம்தான்; ஆனால் அன்று காலை என் மனதில் உண்மையில் ஓடியது அந்தப் புரியாணிதான்.

வாச்சரிடம் சொன்னேன்: "நாளைக்கு வாற ஆக்கள் போற வரைக்கும் இஞ்சையே குளியும்."

"ஓம் ஐயா. வேணுமெண்டா நாளைக்கு மூண்டு தரம் குளிக்கிறன்."

விழா நன்றாக நடந்தது. எல்லாரும் புல்லோடு நின்று படம் பிடித்தார்கள். நான் கரும்பலகையில் கட்டம் கீறி நாலில் மூன்றை விளக்கினேன். முன் வரிசையில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தார். பக்கத்து ஊர். ஏழு பால் மாடு தனியாக வைத்து நடத்துகிறவர். மாட்டுக்குத் தீனி பிடிக்காவிட்டால், பால் இறங்காவிட்டால் அந்தப் பக்கத்து ஆட்கள் முதலில் அவரிடம்தான் போவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் கையைத் தூக்கினார்.

"சேர், வேரக் கிளப்பிப் பாத்தீங்களா?"

"இது மரபணு விசயம். வேரப் பாத்துத் தெரியாது."

"கோடையில முழிச்சிரிக்கிற புல்லெண்டா கீழ எங்கயோ தண்ணி குடிக்கணுமே. அதான் கேட்டன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் எல்லாரிலும் சத்தமாகச் சிரித்தேன்.

விழா முடிந்ததும் வாச்சரைத் திரும்பக் கிணற்றடிக்கு அனுப்பினேன். மூன்று கிழமையில் ஒன்பதாவது தூரும் அதன் அறுபது பிள்ளைகளும் என் கண் முன்னாலேயே நித்திரைக்குப் போயின. மாடு வைத்திருப்பவர்களுக்கு நடத் தண்டு கொடுப்பது மழை தொடங்கியபின், ஐப்பசியில். ஆக, வாயைத் திறக்க எனக்கு இரண்டு மாதம் இருந்தது. திறக்கவில்லை. ஐப்பசியில் மழை பெய்து எல்லாப் புல்லும் பச்சையானது; பதினொரு பேர் வந்து தண்டு வெட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் கடைசியாக வந்தார். தன்னிடம் வரப்போரத்தில் ஒரு பழைய புல் இருப்பதாகவும், கட்டை, அடித்தண்டு ஊதா நிறம், வளர்ச்சி குறைவு, ஆனால் ஒரு கோடையிலும் முற்றாகக் காய்ந்ததில்லை என்றும் சொன்னார்.

"அந்தக் காட்டுப் புல்லைக் கிளப்பி எறிஞ்சிபோட்டு இதை நடுங்க" என்றேன்.

"படிச்ச ஆக்கள் சொல்லக்குள்ள கேக்கத்தானே வேணும்" என்றுவிட்டு, அப்படியே செய்தார்.

அடுத்த ஆனியில் ஒருநாள் அவர் கந்தோருக்கு வந்து ஒரு கட்டுக் காய்ந்த புல்லை என் மேசை மேல் வைத்தார்.

"சேர், உங்கட புல்லு நித்திரை கொள்ளுது."

அடியோடு ஒட்ட வெட்டியிருப்பீர்கள், ஒரு சாண் விட்டு வெட்டுங்கள் என்றேன். வெட்டினார். திரும்ப வந்தார். எரு காணாது என்றேன். போட்டார். திரும்ப வந்தார். மண் சரியில்லை என்றேன். அதற்கு மட்டும், "மண்ண மாத்த ஏலா சேர்" என்றார்.

ஆவணியில் பால் சங்கக் கூட்டம். அங்கேதான் எனக்கு எதிர்பாராத உதவி கிடைத்தது. எங்கள் பக்கத்தில் அருமையாகக் கிடைத்த எந்தக் கன்றையும் கிணற்றடியில்தான் நடுவார்கள். வாழை, கமுகு, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய பேரீச்சங்கொட்டை, எல்லாம் கிணற்றடி. அரசாங்கம் தந்த அருமையான புல்லையும் பத்துப் பேர் கொண்டுபோய்க் குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் நட்டிருந்தார்கள். பத்துப் பேருக்கும் புல் பச்சையாக நின்றது. மாட்டுப் புல் நிற்கவேண்டிய இடத்தில், வெட்டவெளியில், கால் ஏக்கரில் நட்டவர் இவர் ஒருவர்தான். என் புல்லை ஒழுங்காகப் பரிசோதித்த ஒரே ஆள் அவர்தான்.

அவர் எழுந்து, "எனக்குக் காஞ்சிட்டு. மத்த ஆக்களுக்கு எப்பிடி?" என்று கேட்டார். பத்துக் கையும் உயர்ந்தன. எங்களுக்கு நல்லாயிரிக்கி, எங்களுக்கு நல்லாயிரிக்கி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"பத்துப் பேருக்கு வளருது. புல்லில பிழை இல்ல," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களுக்குப் புல் வளர்க்கத் தெரியாது."

பின்னாலிருந்து ஒரு குரல்: "மாமி புல்லுக்குத் தாலாட்டுப் பாடுறா போல!" கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது.

அவர் "அப்ப எனக்குத் தெரியாதுதான்" என்றுவிட்டு உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து அவருக்கு ஊரில் பெயர் 'நித்திரைப் புல்லு மாமி'. அந்தக் கோடையில் தீனி இல்லாமல் இரண்டு மாட்டை ஏறாவூர் வியாபாரியிடம் விற்றார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு இடமாற்றம் வந்தது, பிறகு பதவி உயர்வு வந்தது, பிறகு ஓய்வு வந்தது. என் புல்லை வேறு மாவட்டத்தில் நட்டுப் பார்த்தவர்கள் அது காய்ந்துவிட்டதாக எழுதினார்கள். "இப்பகுதிக்கு மாத்திரம் உகந்தது" என்று பதில் எழுதினேன். எந்தப் பகுதி என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கருங்கல்லுக்குக் கீழ்ப் பகுதி என்று சொல்லியிருக்கவேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன், மட்டக்களப்பில் பிரஷர் கிளினிக் வரிசையில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் வாச்சர். அவரும் ஓய்வு. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"ஐயா! நம்மட புல்லு எப்பிடி?" என்று அந்த மண்டபம் முழுக்கக் கேட்கக் கேட்டார். பிறகு ஊர்ப் புதினம் சொல்லிக்கொண்டு வந்தவர், "அந்த மாமிய இன்னும் நித்திரைப் புல்லு எண்டுதான் ஐயா கூப்பிடுறானுகள். பாவம், இப்ப ஒரு மிளகாக் கண்டும் தன்ட கையால நடுறல்ல" என்றார்.

அன்றைக்கு எனக்குப் பிரஷர் அளந்த தாதி இரண்டாம் தரமும் அளந்து பார்த்தார்.

அந்தக் கிழமையே வாச்சரையும் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். தனியே போகத் துணிவில்லை. அவர் கொட்டிலில் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: கல், வாய்க்கால், நாலாவது வரிசை, பத்துக் கிணற்றடி, கூட்டத்தில் பொய். அவர் கை நிற்கவில்லை. மாட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் ஒரு கேள்விதான்.

"எத்தனை வாளி?"

"பதினைஞ்சு," என்றேன்.

"தலை முழுகுற நாளில பதினெட்டு," என்று வாச்சர் திருத்தினார்.

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "அவ்வளவு காலமும் நான் என்ட கையில ராசி இல்ல எண்டு இரிந்தன் சேர். மருமகள் பிள்ளை பெத்து வந்து கறிவேப்பிலைக் கண்டு நடச் சொன்னா. நீயே நடு மகள், என்ட கை பட்டாப் படுத்திரும் எண்டன்." மாடு திரும்பிப் பார்த்தது. "ஏழு மாட்டுக்கு அரிஞ்ச கை இது."

மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்குச் சொல்லி என்ன? அண்டைக்கு என்னத் தனியக் கூப்பிட்டா சொன்னீங்க? நாளைக்குக் காலையில பால் எடுக்கிற இடத்துக்கு வாங்க."

போனேன். பால் லொறி வருவதற்கு முன் இருபது முப்பது பேர் கேன்களோடு நிற்பார்கள். நான் ஒரு கல்லின் மேல் ஏறி, ஆய்வு வடிவமைப்பிலே ஒரு குறைபாடு ஏற்பட்டதாகவும், மேற்பரப்பு நீரோட்டம் கணக்கில் எடுக்கப்படவில்லை என்றும் ஆரம்பித்தேன். சங்கச் செயலாளர் பக்கத்தில் நின்றவர்களுக்கு விளங்கப்படுத்தினார்: "சேர் சவுக்காரத் தண்ணியில புல்லு வளர்க்கிறதப் பத்திச் சொல்றார்."

"என்ன சவுக்காரம் சேர்?" என்று ஒருவர் கேட்டார்.

"சிவப்புச் சவுக்காரம்," என்றார் வாச்சர்.

"அந்தப் புல்லில தண்டு கிடைக்குமா?" என்று இன்னொருவர் கேட்டார். ஒரு நிமிசத்துக்குள் மூன்று பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

கேனோடு நின்ற அந்தப் பெண் கத்தினார்: "சேர்! நேராச் சொல்லுங்க!"

நேராகச் சொன்னேன். "இவங்களுக்குப் புல்லு வளர்க்கத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. வாச்சர் குளிச்ச தண்ணியில நிண்ட புல்ல நான் ஆராய்ச்சி எண்டு உங்களுக்குத் தந்தன். தெரிஞ்சுகொண்டுதான் தந்தன். கூட்டத்தில இவங்களைப் பத்திச் சொன்னது பொய்."

பிறகு யாரோ, "அப்ப எங்கட வீட்டுக் கிணத்தடிப் புல்லு?" என்றார். "அது நீ குளிச்சது!" என்றார் இன்னொருவர். அதோடு சிரிப்புப் பற்றிக்கொண்டது. லொறி வந்து ஹோர்ன் அடித்தும் அடங்கவில்லை. வாச்சர் எல்லாரையும் விடச் சந்தோசமாக இருந்தார். கூத்து முடிந்து கும்பிடுவதுபோல் நாலு பக்கமும் கும்பிட்டார். நான் வீட்டுக்கு வந்து சேருமுன் எனக்குப் பெயர் வைத்தாயிற்று: 'பதினைஞ்சு வாளி சேர்'. இன்றைக்கும் அதுதான்.

ஆனால் அந்தப் பெண் கன்று நடத் தொடங்கவில்லை. ஊர் நம்பியது, கை நம்பவில்லை. கிளப்பி எறிந்த பழைய புல் எங்கே என்று கேட்டேன். வயல் வட்டைக்குப் போகும் வழியில் வெளிவரம்புக்கு அப்பால் வீசியதாகச் சொன்னார். அது ஆவணி மாதம். போய்ப் பார்த்தோம். அங்கே, ஒருவரும் குளிக்காத, ஒருவரும் திரும்பிப் பார்க்காத பொட்டல் வரம்பில், முழங்கால் உயரத்தில், ஊதா அடித்தண்டோடு அது பச்சையாக நின்றது. இந்தத் தடவை வேரைக் கிளப்பிப் பார்த்தேன். ஒரு பாகத்துக்கு, ஆறடிக்கு, மேலே தோண்டியும் வேர் முடியவில்லை. எனக்கு மூச்சு முடிந்துவிட்டது.

மாரி தொடங்க, அவருடைய நிலத்தில் புதிதாக ஒரு பரிசோதனை போட்டேன். கிணறு கிட்ட இல்லாத இடம். என் புல் பாதி, அவர் புல் பாதி. எது எங்கே என்பதைத் திருவுளச் சீட்டுப் போட்டு எடுத்தோம். அவர் நடமாட்டேன் என்றார். "நான் நட்டுக் காஞ்சா கையால எண்டுவீங்க, நீங்க நட்டு முளைச்சா உங்கட ராசி எண்டுவாங்க." அது முற்றிலும் சரியான ஆட்சேபனை. ஆகவே கைராசியையும் பரிசோதனைக்குள் சேர்த்தேன். இரண்டு வகைப் புல்லிலும் பாதியை அவர் கை நடவேண்டும், பாதியை என் கை. அதற்கும் சீட்டு. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு பரிசோதனை இல்லை. வாச்சரைக் காவலுக்கு வைத்தோம். வீட்டில் குளித்துவிட்டு வரவேண்டும் என்பது நிபந்தனை.

அடுத்த ஆடியில் மூவரும் போய் எண்ணினோம். என் புல், யார் கை நட்டிருந்தாலும் நித்திரை. அவர் புல், யார் கை நட்டிருந்தாலும் முழிப்பு. என் கை நட்டதில் இரண்டு செத்தும் இருந்தன. தலைகீழாக நட்டிருக்கிறேன் என்று அவர் பிடுங்கிக் காட்டினார்.

அவர் வரிசையோடு நடந்து, தன் கை நட்ட ஒவ்வொரு தூரையும் தொட்டுப் பார்த்தார். அடுத்த கிழமை நான் போனபோது முற்றத்தில் பத்து மிளகாய்க் கன்று நின்றது.

அவருடைய புல்லின் விதையை எடுத்து நாற்றுப் போட்டேன். முதல் நாற்றுகள் போன கோடையைக் கண்டன. சில முழுக்க முழிப்பு, சில அரை நித்திரை, சில முக்கால், சில குறட்டை. நாலில் மூன்று வரவில்லை. எந்தக் கணக்குக்குள்ளும் வரவில்லை. ஒன்றல்ல, பல மரபணுக்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கின்றன. அறுபத்தேழு வயதில் முதல் தடவையாக என் கணக்குச் சரிவராமல் போய் எனக்கு நிம்மதி வந்தது.

விற்ற மாட்டை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. நித்திரைப் புல்லு மாமி என்ற பெயரையும் ஊர் விடவில்லை, வாயில் பழகிவிட்டது. ஆனால் இப்போது அந்தப் பெயரைச் சொல்லி வீடு விசாரித்துக்கொண்டு தண்டு கேட்டு வருகிறார்கள். போன மாதம் ஒரு புல் பண்ணையிலிருந்து ஒரு இளம் உத்தியோகத்தர் வந்தார். நானும் அங்கே இருந்தேன். மிக மரியாதையான பிள்ளை, கையில் கணினி. இந்த இனத்தை எடுத்துத் தங்கள் பண்ணையில் நட்டு ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொன்னார்.

மாமி புல் அரியும் தாக்கத்தியை எடுத்து ஒரு தூரின் அடியைப் பிடித்தார். வெட்டவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தார், பிறகு உத்தியோகத்தரைப் பார்த்தார்.

"தாறன் தம்பி. முதல்ல சொல்லுங்க, உங்கட பண்ணையில ஆக்கள் எங்க குளிக்கிற?"